அத்தியாயம் 5: சேதராப்பட்டிலிருந்து நவோதயாவுக்கு

கணக்கிலும் அறிவியலிலும் கெட்டியாக இருக்கும் பிள்ளையைக் காசு செலவழிக்காமல் நல்ல பள்ளியில் சேர்க்க வழியிருக்கிறதா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்லும் பெயர், புதுச்சேரியின் பெரிய காலாப்பட்டில் இருக்கும் ஜவஹர் நவோதயா வித்யாலயா. மத்திய அரசின் உறைவிடப் பள்ளி. பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ. நுழைவுத் தேர்வு எழுதி ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் பன்னிரண்டாம் வகுப்புவரை அங்கேயே தங்கிப் படிக்கலாம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எதற்கும் காசு கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மட்டும் மாதம் 600 ரூபாய் வளர்ச்சி நிதி உண்டு. அதிலும் பெண் பிள்ளைகள், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தினர் ஆகியோருக்கு விலக்கு. அரசு ஊழியரின் பிள்ளை என்றால் மாதம் 1,500 ரூபாய்வரை.

இந்தப் பள்ளிகள் 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையோடு பரவியவை. முதல் இரண்டு பள்ளிகள் 1985-86இல் அரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராட்டிரத்தின் அமராவதியிலும் தொடங்கின. இன்று நாடெங்கும் 650க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. கிராமத்துப் பிள்ளையின் திறமை, நல்ல பள்ளி பக்கத்தில் இல்லை என்பதற்காக வீணாகிவிடக் கூடாது என்பதே அடிப்படை எண்ணம். இதே எண்ணத்தோடுதான் கணித மேதை கொல்மகோரவ் 1963இல் மாஸ்கோவில் உறைவிடக் கணித, இயற்பியல் பள்ளி தொடங்கினார். தலைநகரத்துக்கு வெளியே சிற்றூர்களில் இருந்த கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதே அதன் வேலை. இலங்கைத் தமிழர்களுக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைச் சொன்னால் உடனே புரியும். பத்து வயதில் எழுதும் ஒரு பரீட்சையை வைத்துப் பெரிய கல்லூரிகளில் இடம் கொடுக்கிறார்கள். நவோதயாவும் ஏறக்குறைய அந்த வயதில்தான் கதவைத் திறக்கிறது.

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி ஒன்றுகூட இல்லை. மும்மொழித் திட்டத்தை ஏற்பதில்லை என்ற அரசின் கொள்கையே காரணம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலோ நான்கு இருக்கின்றன: புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்று வட்டாரத்துக்கு ஒன்று. புதுச்சேரியைச் சேர்ந்த சேதராப்பட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்த விவரம் வெறும் பொது அறிவாக நின்றுவிடுவதில்லை. நம் ஊரைச் சுற்றித் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டம். சேதராப்பட்டிலிருந்து கிழக்கே காலாப்பட்டுக்குப் போனால் இடையில் தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்துதான் போக வேண்டும். அந்த ஊர்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு நவோதயா கண்ணெதிரே இருந்தாலும் விண்ணப்பிக்க வழியில்லை. நம் பிள்ளைகளுக்கு வழியிருக்கிறது. ஆனால் பெற்றோர் அறியாமல் எடுக்கும் ஒரு முடிவால் அது கைநழுவிப் போகிறது. அடுத்த பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பள்ளி வேன் எந்தப் பக்கம் போகிறது?

நுழைவுத் தேர்வு ஐந்தாம் வகுப்பில். ஆனால் தகுதி மூன்றாம் வகுப்பிலேயே தீர்மானமாகத் தொடங்குகிறது.

விதி இதுதான். பிள்ளை எந்த மாவட்டத்து நவோதயாவுக்கு விண்ணப்பிக்கிறதோ அந்த மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும். அதே மாவட்டத்தில் இருக்கும் அரசு, அரசு உதவி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முழு ஆண்டும் படித்துக்கொண்டிருக்க வேண்டும். வீடு சேதராப்பட்டில், ரேஷன் கார்டு சேதராப்பட்டில், ஓட்டு சேதராப்பட்டில் என்று எல்லாம் இருந்தும், பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் வானூர் வட்டத்தில் இருந்தால் விண்ணப்பம் செல்லாது. வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது, ஆங்கில வழி, கட்டணமும் குறைவு என்று சேர்த்துவிடுகிறோம். மயிலம் சாலையில் போகும்போது எந்த இடத்தில் புதுச்சேரி முடிகிறது, எங்கே விழுப்புரம் மாவட்டம் தொடங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. விண்ணப்பம் பார்க்கும்.

வேன் நகரத்துப் பக்கம் போனால் சிக்கல் வேறு விதம். ஒவ்வொரு நவோதயாவிலும் ஆறாம் வகுப்பில் அதிகபட்சம் 80 இடங்கள். அவற்றில் குறைந்தது 75 விழுக்காடு கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. அந்த ஒதுக்கீட்டில் வர மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் கிராமப்புறப் பள்ளியில் முழு ஆண்டும் படித்திருக்க வேண்டும். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தப் பிள்ளை நகர்ப்புறப் பிள்ளையாகவே கணக்கிடப்படும். லாஸ்பேட்டையும் ரெட்டியார்பாளையமும் உழவர்கரை நகராட்சிக்குள் வருபவை. அங்கே மூன்றாம் வகுப்பு படித்துவிட்டு நான்காம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்குத் திரும்பினாலும் போனது போனதுதான். பொதுவாக விடப்படும் கால்வாசி இடங்களுக்கு நகரத்துப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

இங்கே பார்ப்பது வீடு இருக்கும் இடத்தை அல்ல, பள்ளி இருக்கும் இடத்தை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ அதற்குப் பின் வந்த அரசு அறிவிக்கையிலோ நகரம் என்று குறிக்கப்பட்ட இடங்கள் நகர்ப்புறம். மற்ற எல்லாம் கிராமப்புறம். ஊர் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதற்கு இதில் இடமில்லை. தொழிற்பேட்டையும் கம்பெனிகளும் லாரிகளும் இருப்பதால் சேதராப்பட்டை நகரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அடையாளத்தை நம்பாதீர்கள். பிள்ளை படிக்கும் பள்ளி எந்த வகையில் வருகிறது என்று தலைமை ஆசிரியரிடமும் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போகும் ஆண்டிலேயே கேட்டால் பயன் உண்டு.

ஐந்தாம் வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“டீச்சர், பாப்பாவ நவோதயா எழுத வைக்கலாம்னு இருக்கோம்.”

“பாப்பா இப்ப எங்கம்மா படிக்குது?”

“அந்தாண்ட இங்கிலீஷ் மீடியத்துல. வேன்ல போவுது.”

“அந்தாண்டன்னா தமிழ்நாட்டுலயா?”

அதற்குப் பிறகு அந்த ஆசிரியையால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துத் திண்டிவனம், விழுப்புரம் பக்கமிருந்து இங்கே வாடகைக்கு வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்டக் கட்டுப்பாடு ஐந்தாம் வகுப்புக்குத்தான். எனவே ஐந்தாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பிள்ளையைப் புதுச்சேரிப் பள்ளிக்கு மாற்றிவிடுங்கள். ஆண்டு நடுவில் மாற்றினால் முழு ஆண்டுக் கணக்கு வராது. பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைக்கும் குடும்பங்களும் இதை யோசிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விதிகள். ஒரு பிள்ளை இந்தத் தேர்வை ஒரு முறைதான் எழுத முடியும். இந்த ஆண்டு கிடைக்கவில்லை, ஐந்தாம் வகுப்பிலேயே இன்னொரு ஆண்டு உட்காரவைத்து எழுதவைக்கலாம் என்ற யோசனைக்கு இடமே இல்லை. அடுத்தது வயது. 2026-27இல் சேர்வதற்கு 2014 மே 1 முதல் 2016 ஜூலை 31 வரை பிறந்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆண்டு கூடும்போது இந்தத் தேதிகளும் ஓராண்டு தள்ளிப்போகும். சீக்கிரமே பள்ளியில் சேர்த்துவிட்ட பிள்ளைக்குச் சில நாள் வித்தியாசத்தில் வயது போதாமல் போவதுண்டு. பிறப்புச் சான்றிதழை எடுத்துவைத்துக்கொண்டு இன்றே கணக்குப் பாருங்கள்.

விண்ணப்பமும் காகிதங்களும்

விண்ணப்பம் நவோதய வித்யாலய சமிதியின் இணையதளத்தில் மட்டுமே. கட்டணம் கிடையாது. பிரவுசிங் சென்டரில் போடச் சொன்னால் அவர்கள் வேலைக்கும் பிரிண்டுக்கும் மட்டும் கொடுத்தால் போதும். “நவோதயா ஃபீஸ்” என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கோடை விடுமுறை முடிந்ததும் ஜூன், ஜூலையில் அறிவிப்பைத் தேடத் தொடங்குங்கள். 2026-27க்கான விண்ணப்பம் 2025 ஜூலை இறுதியில் முடிவதாக இருந்து, பிறகு ஆகஸ்டுக்கு நீட்டிக்கப்பட்டது. தேர்வு 2025 டிசம்பர் 13. அதற்கு முந்தைய சேர்க்கைக்கு 2025 ஜனவரி 18. மலைப்பகுதிகளுக்கு ஏப்ரலில் தனியாக நடக்கும், அது நமக்கில்லை. நீட்டிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கடைசி இரண்டு நாளில் தளம் படுத்துவிடும், தலைமை ஆசிரியர் விடுப்பில் போயிருப்பார்.

விண்ணப்பத்தின் உயிர், தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கும் சான்றுப் படிவம். அந்தத் தளத்திலேயே கிடைக்கும். பிள்ளையின் புகைப்படம் ஒட்டி, விவரங்களை எழுதி, பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திட்டு, பள்ளியில் கொடுத்துச் சரிபார்த்து வாங்க வேண்டும். பிறகு அதைச் சிறிய கோப்பாக்கி ஏற்றுவார்கள். புகைப்படமும் இரண்டு கையெழுத்துகளும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். பிள்ளைக்குத் தன் பெயரை ஒரே மாதிரி கையெழுத்துப் போடப் பழக்குங்கள். தேர்வு அறையிலும் அதே கையெழுத்துத்தான் கேட்பார்கள்.

நம்மூரில் அதிகம் தடுக்கும் இடம் பெயர். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் தனி வரியில் இருக்கும், பிள்ளை பெயருக்கு முன்னெழுத்து இருக்காது. ஆதாரில் தந்தை பெயர் பிள்ளை பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்து முன்னால் இருக்கும். சாதிச் சான்றிதழில் பின்னால் போயிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு நான்கு விதம். விண்ணப்பம் போடும்போது ஒன்றும் தெரியாது. இடம் கிடைத்துச் சேரப் போகும் அன்று, காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் ஒன்றோடொன்று ஒத்துவராதது தெரியும். நான்காம் வகுப்பு முழுவாண்டு விடுமுறையில் இதைச் சரிசெய்துவிடுங்கள். எது சரி என்று குழப்பம் வந்தால் பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்தபடி திருத்துங்கள். ஆதார் திருத்தம் வரச் சில வாரம் ஆகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்புச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வில்லியனூர் தாலுகா அலுவலகம். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு மாவட்ட மக்கள்தொகைப்படி ஒதுக்கீடு உண்டு. அதுவும் 15 விழுக்காடு, ஏழரை விழுக்காடு என்ற தேசிய அளவுக்குக் குறையாது. பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு, ஆனால் மத்தியப் பட்டியல்படி. இதைக் கவனியுங்கள்: புதுச்சேரி அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இங்கே உதவாது. மத்திய அரசுப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசு வேலைக்கும் படிப்புக்கும் தரும் ஓ.பி.சி. படிவத்தில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளையை விடுதிக்கு எப்படி அனுப்புவது என்று தயங்கும் வீடுகளில் இந்த மூன்றில் ஒரு பங்கை எடுத்துச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் முடிந்தபின் சில நாள்களுக்குத் திருத்தச் சாளரம் திறப்பார்கள். பாலினம், சாதிப் பிரிவு, கிராமம் அல்லது நகரம், மாற்றுத்திறன், தேர்வு மொழி ஆகியவற்றை அப்போது மாற்றலாம். கைப்பேசி எண் கொடுக்கும்போது அடிக்கடி சிம் மாற்றாதவரின் எண்ணைக் கொடுங்கள். நுழைவுச் சீட்டை எடுக்கவும் முடிவைத் தெரிந்துகொள்ளவும் பதிவு எண் வேண்டும். அதை எழுதி ரேஷன் கார்டு வைக்கும் உறையிலேயே போட்டுவையுங்கள்.

இரண்டு மணி நேரம், 80 கேள்விகள்

தேர்வை நடத்துவது சி.பி.எஸ்.இ. வாரியம். காலை 11.30 முதல் 1.30 வரை. மொத்தம் 100 மதிப்பெண், 80 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1.25 மதிப்பெண். மனத்திறன் பகுதியில் 40 கேள்வி, 50 மதிப்பெண். கணக்கில் 20 கேள்வி, 25 மதிப்பெண். மொழியில் 20 கேள்வி, 25 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடக்கூடாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக 40 நிமிடம் உண்டு.

பாதி மதிப்பெண் மனத்திறன் பகுதியில் இருக்கிறது. அதில் எழுத்தே கிடையாது, எல்லாம் படங்கள். நான்கு படங்களில் பொருந்தாததைக் கண்டுபிடிப்பது, வரிசையை நிறைவுசெய்வது, கண்ணாடியில் எப்படித் தெரியும் என்று சொல்வது, பெரிய உருவத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உருவத்தைத் தேடுவது என்று பத்து வகை. வகைக்கு நான்கு கேள்வி. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இவை கிடையாது என்பதால் பழகாத பிள்ளை முதல் பக்கத்திலேயே மிரண்டுவிடும். பழகிய பிள்ளைக்கு இதுவே எளிதான பகுதி. கைடு வாங்குவதற்கு முன் வீட்டில் கையால் செய்து பார்க்கவையுங்கள். ஒரு சதுரத் தாளைப் பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடித்து, நடுவில் ஆணியால் ஒரு துளை போடச் சொல்லுங்கள். விரித்தால் எத்தனை துளை, எந்தெந்த இடத்தில்? நான்கு துளை என்பதைப் பல பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடும். இடத்தைச் சரியாகச் சொல்வதற்குத்தான் பழக வேண்டும். பிறகு துளையை ஓரத்துக்குத் தள்ளுங்கள், குறுக்காக மடியுங்கள். பத்துத் தாள் செலவானால் அந்த வகைக் கேள்வி முழுதும் கைக்குள் வந்துவிடும். கண்ணாடிப் பிம்பத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும்.

கணக்கில் பாடம் ஐந்தாம் வகுப்பு அளவுதான்: நான்கு செயல்கள், பின்னம், தசமம், வகு எண்களும் மடங்குகளும், நீளம், எடை, கொள்ளளவு, நேரம், பணம், சுற்றளவு, பரப்பளவு, கன அளவு, கோணங்கள், பட்டை வரைபடம். பாடம் எளிது. கேள்வியில் இருக்கும் பொறிதான் பிள்ளைகளை விழத்தட்டுகிறது. ஓர் எடுத்துக்காட்டு:

ஒரு தண்ணீர்த் தொட்டியின் நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் 80 சென்டிமீட்டர். அது நிரம்ப எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்?

அவசரப்படும் பிள்ளை 2, 1.5, 80 மூன்றையும் பெருக்கி 240 என்று எழுதும். கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் 240ம் இருக்கும் என்பதால் சந்தேகமே வராது. உயரம் மட்டும் சென்டிமீட்டரில் இருப்பதைக் கவனித்த பிள்ளை, 80 சென்டிமீட்டரை 0.8 மீட்டர் என்று மாற்றி, 2 × 1.5 × 0.8 = 2.4 கன மீட்டர் என்று கண்டுபிடிக்கும். ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர், ஆக 2,400 லிட்டர். இந்த ஒரு கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். 240 என்று வந்தால் அதற்குக் கணக்கு தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அலகைப் பார்க்கும் பழக்கம்தான் வரவில்லை. “எல்லாம் ஒரே அலகுலதான் இருக்கா?” என்று ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் கேட்கப் பழக்கினால் சில வாரங்களில் சரியாகும். தீர்த்த கணக்குகளின் எண்ணிக்கையை நான் பெரிதாக நினைப்பதில்லை. தவறாகப் போன கணக்குகளை ஒரு தனி நோட்டில் எழுதி, ஏன் தவறியது என்று பிள்ளையின் வாயாலேயே சொல்லவைப்பதுதான் பலன் தரும்.

மொழிப் பகுதியில் நான்கு பத்திகள், பத்திக்கு ஐந்து கேள்விகள். இலக்கணத்தை மனப்பாடம் செய்து பயனில்லை, வாசிக்க வேண்டும். தினமும் செய்தித்தாளிலோ சிறுவர் கதையிலோ ஒரு பத்தியைப் படிக்கவைத்து, “இதுல என்னடா சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது? புதுச்சேரியில் தமிழ் உண்டு, ஆங்கிலமும் உண்டு. நம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் பல பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தில் கணக்குப் படிக்கின்றன. ஆங்கில வழிதானே, ஆங்கிலத்திலேயே எழுதட்டும் என்று பெற்றோர் டிக் அடித்துவிடுகிறார்கள். என் கருத்து வேறு. முடிவுசெய்யும் முன் ஒரே அளவுள்ள இரண்டு பத்திகளை, ஒன்று தமிழிலும் ஒன்று ஆங்கிலத்திலும், கடிகாரத்தை வைத்துப் படிக்கவைத்துக் கேள்வி கேளுங்கள். எதில் அதிகம் சரியாகச் சொல்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் தமிழ் பேசி, தமிழில் கதை கேட்டு வளரும் பிள்ளை, தமிழ் எழுத்து நன்றாக வாசிக்கும் என்றால், 25 மதிப்பெண்ணை ஆங்கிலத்தின் மேல் உள்ள ஆசைக்காக இழக்க வேண்டாம். தமிழில் வாசிக்கவே தடுமாறும் பிள்ளையும் உண்டு. அதற்கு ஆங்கிலமே சரி.

நேரத்துக்கு ஒரு கணக்கு: மனத்திறனுக்கு 60 நிமிடம், மற்ற இரண்டுக்கும் முப்பது முப்பது. ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்புவதற்கும் நேரம் ஓடும். கறுப்பு அல்லது நீலப் பால் பாயின்ட் பேனாதான். பென்சில் கூடாது, அழிக்கக் கூடாது. மாதிரித் தாளைப் பிரிண்ட் எடுத்து, வட்டத்துக்கு வெளியே மை போகாமல் நிரப்ப ஒரு வாரம் பழக்குங்கள். ஒரு கேள்வியைத் தாண்டும்போது ஒரு வரி தள்ளி நிரப்பிவிட்டால் அடுத்த இருபது விடைகளும் போய்விடும். ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சி மையத்துக்கு அனுப்ப வேண்டுமா? ஐந்தாம் வகுப்பில் தினமும் ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு மாதிரித் தேர்வு. இதற்கு மேல் பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். இலங்கையில் ஐந்தாம் தரப் பரீட்சைக்காகப் பிள்ளைகள் டியூஷன் டியூஷனாக அலைவதைப் பற்றி அங்கேயே கல்வியாளர்கள் பல ஆண்டுகளாகக் கவலைப்படுகிறார்கள். விளையாட்டை நிறுத்தி எழுதவைக்கும் தேர்வு இல்லை இது.

இடம் கிடைத்தால்

முடிவு வந்ததும் தேர்வானோர் பட்டியல் வரும். இடம் காலியானால் காத்திருப்புப் பட்டியலிலிருந்து அழைப்பார்கள். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் சேர்ந்துவிட்டதாகப் பொருளில்லை. பிறந்த தேதி, குடியிருப்பு, சாதி, மூன்று முதல் ஐந்து வரை படித்த பள்ளிகளின் சான்று, கிராமப்புறச் சான்று, மருத்துவச் சான்று, டி.சி. எல்லாம் சரிபார்த்த பிறகே இடம் உறுதி.

அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்று உண்டு. பதினோரு வயதுப் பிள்ளை வீட்டை விட்டுத் தங்கப் போகிறது. தானே தலை வாரி, துணி துவைத்து, காலையில் மைதானத்துக்கு ஓடி, எல்லோருக்கும் போடும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு, மாலையில் கண்காணிப்போடு படிக்க வேண்டும். கைப்பேசி கிடையாது. முதல் சில வாரம் அழும். தொலைவு என்று பார்த்தால் காலாப்பட்டு நமக்குப் பக்கம்தான். ஆனால் பார்க்க நினைத்தபோதெல்லாம் பார்க்க முடியாது, அதற்கென்று நாள் உண்டு. ஐந்தாம் வகுப்பு முழுவாண்டு விடுமுறையில் உறவினர் வீட்டில் பத்து நாள் தனியாக விட்டுப் பாருங்கள். தன் துணியைத் தானே துவைக்கச் சொல்லுங்கள். போக மாட்டேன் என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால் அதை மதியுங்கள்.

மொழி விஷயத்தையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மூன்று மொழிகள் படிக்க வேண்டும், இந்தியும் உண்டு. எட்டாம் வகுப்புக்குப் பிறகு கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில். ஒன்பதாம் வகுப்பில் சுமார் 30 விழுக்காட்டுப் பிள்ளைகளை ஓராண்டுக்கு வேறு மொழி மாநிலத்து நவோதயாவுக்கு அனுப்பும் திட்டம் இருக்கிறது. அங்கிருந்தும் பிள்ளைகள் இங்கே வருவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சேர்ந்த பிறகு கேள்விப்பட்டு அதிர்வதைவிட இப்போதே தெரிந்திருப்பது நல்லது. மேல்வகுப்புகளில் பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு நவோதயாப் பிள்ளைகளுக்குத் தனித் தேர்வு வைத்து இலவசப் பயிற்சி தரும் தக்ஷணா அறக்கட்டளை போன்ற வாய்ப்புகளும் உண்டு. பத்தாம் வகுப்பில் அதைப் பற்றிப் பள்ளியில் கேட்க மறக்காதீர்கள்.

கிடைக்காவிட்டால்

80 இடத்துக்கு மாவட்டம் முழுவதும் போட்டி. கிடைக்காத பிள்ளைகளே அதிகம். இன்னும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் காலியாகும் இடங்களுக்குத் தேர்வு வைக்கிறார்கள். 2026-27க்கான தேர்வு 2026 பிப்ரவரி 7. ஒன்பதாம் வகுப்புத் தேர்வு இரண்டரை மணி நேரம், 100 கேள்வி. கணக்கு 35, அறிவியல் 35, ஆங்கிலம் 15, இந்தி 15. அதாவது எழுபது கேள்வி கணக்கும் அறிவியலும். ஆறாம் வகுப்புத் தேர்வில் படங்களில் தடுமாறி, ஆனால் பாடத்தில் பலமாக இருக்கும் பிள்ளைக்கு இதுவே உண்மையான வாசல் என்பது என் எண்ணம். இதற்கும் எட்டாம் வகுப்பை இதே மாவட்டத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு வழி, பள்ளியை மாற்றாமலே கிடைக்கும் உதவித்தொகை. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வை அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை எழுதலாம். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. மனத்திறனில் 90 கேள்வி, பாடங்களில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் வரும். ஐந்தாம் வகுப்பில் மடித்த தாளில் துளை போட்டுப் பழகியது இங்கேயும் கைகொடுக்கும்.

ஆக, எட்டாம் வகுப்பு தொடங்கியதும் இரண்டு அறிவிப்புகளையும் தேடுங்கள். வருமானச் சான்றிதழுக்கு அப்போதே வில்லியனூரில் விண்ணப்பித்துவிடுங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் அதையும் தொடங்கி, ஆதாரோடு இணைத்துவையுங்கள். ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் இடம் கிடைத்து நவோதயாவுக்குப் போனால் இந்த உதவித்தொகை கிடையாது. இரண்டும் கிடைத்தால் நவோதயாவைத் தேர்ந்தெடுக்கும்படி சொல்வேன், பிள்ளைக்கு விடுதி பிடித்திருந்தால்.